பாலன் படுத்த வைக்கோல்

சனவரி ஆறில் வரும் மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். துவைத்த துணியைக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறிய என் மகள் அமலி பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கீழே குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். “ஏளா, என்ன அங்கனயே குந்திட்ட?” என்று சத்தம் போட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கத்தினேன். கோபத்தில் செதிள் ஒட்டிய கையோடு போய்ப் பார்த்தால், பிள்ளை சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்குகிறாள். ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள், சொல் வரவில்லை. உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பிடித்த பயம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் வரைக்கும் எங்களை விடவில்லை. இந்தப் பிள்ளையை இழந்துவிடுவோம் என்று நான் முடிவு கட்டிய நாளும் உண்டு. ஆண்டவர் எங்களுக்கு என்ன செய்தார் என்பதை நம் பங்கு மக்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு மேடையில் நின்று சாட்சி சொல்ல வராது. மைக்கைப் பிடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். “சண்டை போடச் சொல்லு, மைக்கே வேண்டாம் அவளுக்கு” என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

என் பெயர் பிலோமினா. ஊர் தூத்துக்குடி திரேஸ்புரம். என் வீட்டுக்காரர் சூசை சங்கு குளிக்கப் போகிறவர். எங்களுக்கு அமலி ஒரே பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கடலுக்கடியிலேயே மூச்சுவிட்டுப் பிழைக்கிறவன் வீட்டில் தரையில் மூச்சுவிட முடியாத பிள்ளையா என்று உறவுக்காரி ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவளுக்கு அங்கேயே பதில் கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது.

அமலிக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய். கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் கன்னத்தில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். வியர்வை காய்ந்தால் நெற்றியில் வெள்ளையாகப் பூத்திருக்கும். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். கதவுக் கொண்டியே உப்பில் அரித்துப்போகிற ஊரில் பிள்ளை கரிப்பதா அதிசயம்? ‘உப்புக்கட்டி’ என்று கொஞ்சிக்கொண்டு இருந்தோம். சளியும் பேதியும் விடாமல் பிடித்து, எலும்பும் தோலுமாகி, ஐந்து வயதில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அங்கே ஒரு டாக்டர் கேட்டார், “முத்தம் கொடுத்தா உப்பா இருக்குமாம்மா?” என்று.

“எங்க ஊர்ல யாரைக் கொஞ்சினாலும் உப்பாத்தான் சார் இருக்கும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வியர்வையை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். வேறு ஊர்த் தாயாக இருந்தால் முதல் வருடமே டாக்டரிடம் சொல்லியிருப்பாள். கடற்கரைத் தாய்மார்களே, பிள்ளை அளவுக்கு மீறி உப்புக் கரித்தால் கடல்காற்று என்று விட்டுவிடாதீர்கள். சளியும் சேர்ந்து படுத்தினால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்த நோயில் நெஞ்சுச் சளி பிசின் மாதிரி இறுகிவிடும். நமக்கு இருமினால் வெளியே வருவது அவளுக்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். காலையும் சாயங்காலமும் அவள் மெஷினில் உப்புநீர்ப் புகையை இழுக்க வேண்டும். பிறகு உள்ளங்கையைக் குவித்து முதுகிலும் விலாவிலும் தட்டிச் சளியைப் பெயர்க்க வேண்டும். தட்டுவது அவள் அப்பாவின் வேலை. கடலுக்குப் போகிற நாளில் நான். மூக்குக்குள்ளும் சதை வளர்ந்திருப்பதால் அவளுக்கு வாசனை தெரியாது. மீன் கருகினாலும் மல்லிகைப்பூ வைத்தாலும் அவளுக்கு ஒன்றுதான். இத்தனையும் பழகிப்போய், பள்ளிக்கூடம், சிநேகிதிகள், வாயாட்டம் என்று பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள்.

எங்கள் தெருவில் கிறிஸ்மசுக்குப் பெரிய குடில் கட்டுவோம். கொற்கைப் பக்கத்து வயல்காரர் ஒருவர் வருடாவருடம் லோடு ஆட்டோவில் வைக்கோல் அனுப்புவார். போன வருடம் அது அடைமழையில் வந்து சேர்ந்தது. தார்ப்பாய் போட்டும் நனைந்துவிட்டது. காய வைக்க வெயிலும் இல்லை, நாளும் இல்லை. அப்படியே குடிலில் வேய்ந்து, பாலன் சேசுவுக்கும் அதையே மெத்தையாகப் பரப்பினார்கள்.

மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்து குடிலைப் பிரிக்கும்போது, பாலன் படுத்திருந்த வைக்கோலை மட்டும் யாரும் குப்பையில் போடமாட்டோம். ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வள்ளத்தில் சொருகுவார், ஒருவர் அரிசிப்பானையில் போடுவார். எதிர்வீட்டுக் கித்தேரி அக்கா எங்கள் அமலிக்கென்று மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

“பிலோமி, இதைப் பிள்ளை தலைமாட்டுல வச்சிரு. பாலன் படுத்த வைக்கோலு. சளியெல்லாம் எங்கன போச்சின்னு தெரியாமப் போயிரும் பாரு” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வைக்கோலைச் சின்னச் சின்னதாக நறுக்கி, அமலியின் தலையணையைப் பிரித்து, பஞ்சோடு பஞ்சாக வைத்துத் தைத்தேன். இலேசாக ஈரம் இருந்தது. வெயிலில் காய வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். காய்ந்தால் குடிலில் பிடித்த சாம்பிராணி வாசம் போய்விடுமே என்று விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலச் செபம் முடிந்ததும் கோயில் தீர்த்தத்தை அந்தத் தலையணைமேல் தெளிப்பேன். சாம்பிராணியும் காட்டுவேன். அவள் அதில் முகம் புதைத்துத் தூங்குவதைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அதற்குப் பிறகுதான் அந்த மாடிப்படி.

முதலில் தூத்துக்குடியிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போன அவசரத்தில் மாற்றுத்துணிகூட எடுக்கவில்லை. நெஞ்சில் கிருமி என்று ஊசி போட்டார்கள். இந்த நோய்க்கு அது வழக்கம்தான். கொஞ்சம் தெளிந்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்து அவள் படுக்கையில் படுக்கவைத்தோம். மூன்றாம் நாளே மறுபடியும் இருமல். இந்தத் தடவை நெஞ்சுக்குள் விசில் சத்தமும் சேர்ந்துகொண்டது. மாத்திரையை மாற்றினார்கள். டிபியாக இருக்குமோ என்று சோதித்தார்கள், இல்லை என்று வந்தது. பிள்ளை வளர்ந்து வருகிறாள், நோயும் கூடவே வளர்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். இந்த நோய்க்காரப் பிள்ளைகள் நெடுநாள் இருப்பதில்லை என்று யாரோ எப்போதோ சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவள் கழுத்துக்குழி உள்வாங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, “ஏளா, கடலுக்குள்ள காத்துக்குழாய் மடிஞ்சா எப்படி இழுப்போமோ அப்படி இழுக்கா. இனி இங்கன வச்சிக்கிட்டு இருக்கக் கூடாது” என்றார்.

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு மதுரைக்குப் புறப்பட்டோம். இந்தத் தடவை மறக்காமல் அந்தத் தலையணையை எடுத்துக்கொண்டேன். போன தடவை ஆஸ்பத்திரியில் பாலனுடைய துணை இல்லாமல்தான் முழுக் குணம் கிடைக்கவில்லை என்று என் புத்திக்குப் பட்டது. கார் முழுக்க அவள் தலை அதன்மேல்தான் இருந்தது.

மதுரையில் நுரையீரலுக்கென்றே ஒரு டாக்டரம்மா. அமைதியான ஆள், ஆனால் கேள்விக்கு ஓய்வே கிடையாது. படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், அவள் துப்பிய சளியைச் சின்னக் குப்பியில் பிடித்தார்கள். சளியில் பழுப்பு நிறத்தில் துணுக்குத் துணுக்காக இருந்ததைப் பார்த்து டாக்டரம்மா முகம் மாறியது. மறுநாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“இது வழக்கமான கிருமி இல்லைம்மா. பூஞ்சை. அஸ்பெர்ஜில்லஸ்னு பேரு. காத்துல எப்பவும் இருக்கிறதுதான். நாம எல்லாரும் தினமும் இழுக்கிறோம், நம்ம சளி வெளிய தள்ளிடும். அமலிக்குத் தள்ள முடியலை, உள்ளயே தங்கிடுச்சு. அவ உடம்பு அது கூட சண்டை போடுது. அந்தச் சண்டையிலதான் மூச்சுக்குழாய் வீங்கி அடைக்குது. வலது நுரையீரல் மேல்பக்கம் மூடியே கிடக்கு.”

“கடிக்கவும் இல்லை, கண்ணுக்கும் தெரியலை. என்ன எழவு டாக்டர் அது?” என்றேன்.

“மைக்ராஸ்கோப்ல பாத்தா அழகாத்தான் இருக்கும். உங்க கோயில்ல சாமியார் தீர்த்தம் தெளிக்க ஒரு கோல் வச்சிருப்பாரே, அந்த மாதிரி. பேரே அதை வச்சுத்தான் வந்தது” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் கொல்ல வந்த சனியனுக்கு வேறு உருவமே கிடைக்கவில்லையா?

வீக்கம் வற்ற ஒரு மாத்திரையும் பூஞ்சைக்கு ஒரு மாத்திரையும் ஆரம்பித்தார்கள். “மருந்து வேலை செய்யும். ஆனா இவ்வளவு தீவிரமா வந்திருக்குன்னா எங்கயோ பக்கத்துல இருந்து நிறைய இழுத்திருக்கா. நனைஞ்ச சுவர், பழைய சாக்கு, மக்கின இலை, எது வேணும்னாலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிச்சு அகத்தணும். இல்லைன்னா ஒரு கையால தண்ணி இறைச்சு ஒரு கையால ஊத்துற கதைதான்” என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். கயிறு, வலை, சங்கு அள்ளுகிற பை, பரணில் கிடந்த பாய், எல்லாவற்றையும் தெருவில் எடுத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எனக்கு போன். “பிலோமி, குசினிக்குப் பின்னால சுவர் ஈரமா இருக்கு, அதுவா இருக்குமா?” “ஏளா, பழைய மெத்தையை எரிச்சிட்டேன்.” “ஒண்ணுமே அகப்படலையேளா.” பாவம், வெள்ளையடிக்கக்கூட ஆள் பிடித்துவிட்டார்.

இங்கே அமலி தேறவில்லை. மருந்து உள்ளே போகிறது, மூச்சு வெளியே வரவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் கிளிப். அதில் எண் கொஞ்சம் ஏறும், உடனே இறங்கிவிடும். நான் அந்த எண்ணையே பார்த்துப் பார்த்து அவள் முகத்தைப் பார்க்க மறந்துபோனேன். ஒரு மத்தியானம் அவளே என் கையைத் தட்டினாள். “எம்மா” என்றாள். மூச்சு வாங்கினாள். “நான்” என்றாள். மறுபடியும் வாங்கினாள். “செத்துருவேனா?”

இந்த மூன்று சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாட்டை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது. “வாயைக் கழுவு மூதி” என்று திட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவள் தூங்கும்வரை அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

கேட்கிறதெல்லாம் கேட்டாகிவிட்டது. செபமாலை, நவநாள், ஒருசந்தி, மாதாவுக்கு முடி இறக்குகிறேன் என்ற நேர்ச்சை, ஒன்று பாக்கி இல்லை. ‘குணமாக்கும், குணமாக்கும்’ என்று சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் முழங்காலில் நின்று ஆண்டவரோடு சண்டைக்கே போய்விட்டேன். அது செபம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ‘நீர் குணமாக்குகிறபோது குணமாக்கும். அது உம்முடைய வேலை, நான் தலையிடவில்லை. இந்தச் சனியன் எங்கிருந்து வருகிறது? அதையாவது காட்டும். எனக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது. காட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன். காட்டாமல் எங்களை ஏன் இப்படி அலையவிடுகிறீர்?’ இப்படித்தான் கேட்டேன். கேட்டுவிட்டு அழுகையோடு தலையைக் குனிந்தேன். முகம் அமலியின் தலைக்குப் பக்கத்தில், அந்தத் தலையணையில் பதிந்தது.

ஒரு வாடை அடித்தது.

மழை நாளில் வள்ளத்தின் அடித்தட்டைத் திறந்தால், நனைந்து மக்கிய கயிற்றிலிருந்து ஒரு வாடை முகத்தில் அடிக்குமே, அதே வாடை. வீட்டில் சாம்பிராணிக்குள் ஒளிந்துகொண்டிருந்தது, இங்கே சாம்பிராணி இல்லாமல் பச்சையாக வந்தது. நான் அப்படியே அசையாமல் இருந்தேன். பிறகு மெதுவாக அவள் தலையைத் தூக்கி என் முந்தானையை மடித்து வைத்துவிட்டுத் தலையணையை உருவினேன். உறையில் அவள் கன்னம் பதிகிற இடத்தில் சாம்பலும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கை பட்டதும் மாவு மாதிரி பறந்தது.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அந்த வேலியை நானே கட்டி, நானே தீர்த்தம் தெளித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவை அழைத்துவரச் சொல்லி நர்ஸிடம் கத்தினேன். அவர் வந்து பார்த்தார், திறக்கவே விடவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்ததில் கொஞ்சத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டு, தலையணையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கக் கட்டச் சொன்னார். கட்டில், விரிப்பு, அறை எல்லாம் மாறியது. “இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இது இங்க இருந்திருந்தா என் மருந்து தோத்துப்போயிருக்கும். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். “கேட்டேன், காட்டினார்” என்றேன். அவர் வேற்று மதத்தவர். ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார். குப்பியில் எடுத்ததிலும் அதே பூஞ்சைதான் வளர்ந்தது என்று பிறகு சொன்னார்.

கவரை ஆயாம்மா குப்பைத் தொட்டிக்கு எடுத்துப்போக வந்தபோது என் கை விடவில்லை. புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. பாலன் படுத்த வைக்கோல் ஆஸ்பத்திரிக் குப்பையிலா? வீட்டுக்காரருக்கு போன் போட்டால் அவர் என்னைவிடப் பயந்தார். “ஏளா, அவசரப்பட்டு எதுவும் செஞ்சிராத. சாமியைக் கேளு” என்றார். நம் கோயில் பங்குச்சாமியாரைப் போனில் கூப்பிட்டேன். அழுகையும் விக்கலுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சாமி சொன்னார்:

“ஏம்மா, பாலனை எதுக்கு வைக்கோல்ல கிடத்துனாவ? சத்திரத்துல இடம் இல்ல. இடம் கிடைச்சிருந்தா மாதா தன் பிள்ளையை வைக்கோல்ல போட்டிருப்பாளா? உம் பிள்ளைக்கு மெத்தை இருக்கு, டாக்டர் இருக்காவ. அதைத் திறக்காம மண்ணுல புதைச்சிரு. பாவம் ஒண்ணும் கிடையாது. தைரியமா இரு.”

அந்த வார்த்தையில் என் நெஞ்சுக்குள் கிடந்த ஒரு கல் விழுந்தது. மறுநாள் வந்த என் வீட்டுக்காரர் கவரை வாங்கிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஒரு கருவேலங்காட்டில் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஒரு பரமண்டல மந்திரம் சொல்லிவிட்டு வந்தார். கித்தேரி அக்கா போனில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். “நீயா அக்கா பூஞ்சையை வளத்துக் கொண்டாந்த? பிரியத்தைத்தான கொண்டாந்த. முதல்ல உன் அரிசிப்பானையைக் கழுவு” என்றேன். தெருவில் எல்லா வீட்டு வைக்கோலும் அன்றைக்கே மண்ணுக்குள் போனது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முடியவில்லை. விசில் சத்தம் குறைந்தது, ஆனால் மூடிக்கிடந்த வலது பக்கம் திறக்கவே இல்லை. உள்ளே சளி கட்டியாகி மூடி போட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. “நாளைக்குக் காலையில குழாய் விட்டு எடுத்துப் பாக்கணும். மயக்கம் கொடுக்கணும். அவ இருக்கிற நிலைமையில அது சின்ன விஷயம் இல்ல. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்” என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திரேஸ்புரத்தில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் மாதா கெபி முன்னால் கூடிச் செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

விடிந்ததும் வெறும் வயிற்றோடு அவளுக்கு உப்புநீர்ப் புகை வைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம் என்று, மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஆஸ்பத்திரித் தங்கச்சி வந்தாள். “நான் தட்டட்டா தாயி?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவள் இடம் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். அமலியை நிமிர்த்தி உட்காரவைத்து, வலது தோள்பட்டைக்குக் கீழே கையைக் குவித்துத் தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே அவள் காதில் பேசினார். “மக்கா, பயப்படாத. அடியில கிடக்கு, எனக்குத் தெரியுது. மெதுவா இழு. இன்னும் கொஞ்சம். பிடி. இப்பம் விடு. அதை எடுத்துக்கிட்டு மேல வா மக்கா, மேல வா.”

அவள் இருமினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் இருமினாள். திடீரென்று சத்தமே நின்றுபோனது. வாய் திறந்திருக்கிறது, மூச்சு இல்லை. கண் பிதுங்குகிறது. கிளிப்பிலிருந்து மணி அடிக்கிறது. அந்தத் தங்கச்சி பாய்ந்து வந்து அவளை முன்னால் சாய்த்தாள். “சேசுவே!” என்று நான் போட்ட கூச்சல் அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் கை மட்டும் நிற்கவில்லை. அழுதுகொண்டே தட்டினார்.

அமலி உடம்பு முழுவதும் ஒரு குலுக்குக் குலுங்கியது. கிண்ணத்தில் ஏதோ விழுந்தது. பழுப்பாக, ரப்பர் மாதிரி, இஞ்சித்துண்டு போலக் கிளை கிளையாக ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு பெரிய மூச்சு, விலா விரிய, சத்தத்தோடு உள்ளே போனது. கரையில் அலை ஏறுகிற சத்தம்கூட என் காதுக்கு அவ்வளவு இன்பமாக இருந்ததில்லை.

டாக்டரம்மா ஓடிவந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டினார். “கேளுங்கம்மா. காத்து போகுது” என்றார். எனக்கு என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. கேட்கிறது என்று தலையாட்டினேன். தியேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் எடுத்த படத்தில் மூடிக்கிடந்த பக்கம் திறந்திருந்தது.

சாட்சி என்றால் நோய் போய்விட்டது என்று சொல்லத்தான் வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன். அமலியின் நோய் போகவில்லை. பூஞ்சை மாத்திரையை இன்னும் பல மாதம் சாப்பிட வேண்டும். வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தில் முகம் பூரி மாதிரி உப்பி, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அழுதாள், இப்போதுதான் வடிகிறது. சர்க்கரையையும் அடிக்கடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பூஞ்சை மறுபடியும் வரலாம் என்றும் சொன்னார்கள். காலை மாலை தட்டுவது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நாங்கள் முன்பு இருந்த ஆட்கள் இல்லை. முன்பெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு செபம் செய்வேன். இப்போது திறந்துகொண்டு செய்கிறேன். சுவரில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கே சுண்ணாம்பு. தலையணை வாரம் ஒருமுறை வெயிலில். மருந்து கொடுக்கும்போதும் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லியே கொடுக்கிறேன், அதுவும் அவர் அனுப்பியதுதானே.

கஷ்டத்தில் இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, ஆண்டவரிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வரவில்லை என்றால் சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘கொடும்’ என்று கேட்டுச் சலித்தவர்கள் ‘காட்டும்’ என்று கேட்டுப் பாருங்கள். காட்டுவார். ஒருவேளை நீங்கள் கண்ணில் ஒற்றி வைத்திருக்கிற ஒன்றையே காட்டுவார். அப்போது கை விட மறுக்கும். மறுத்தாலும் விட்டுவிடுங்கள். அதை வாங்கிக்கொண்டு அவர் பிள்ளையைத் திருப்பித் தருவார். எனக்குத் தந்தார்.

இதை எழுதி முடித்து நேற்று அமலியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அப்பா கேட்கட்டும் என்று சத்தமாகவே வாசித்தாள். மாடிப்படி முதல் கடைசிவரை எங்கும் நிற்கவில்லை. வாசித்து முடித்ததும் என்மேல் பாய்ந்தாள்.

“எம்மா, உனக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா, எம் மூக்குல சதை வளந்தது, சளி பழுப்பா வந்தது, மூஞ்சி பூரி மாதிரி ஆனது எல்லாத்தையும் ஊருக்கே எழுதி வச்சிருக்க, ஸ்கூல்ல நான் எப்படித் தலைகாட்டுவேன், உப்புக்கட்டின்னு வேற போட்டிருக்க, இனி எவளாவது என்னைய அப்படிக் கூப்பிட்டா உன்னைத்தான் கேப்பேன் பாத்துக்க!”

இத்தனையும் ஒரே மூச்சில். நடுவில் ஓர் இருமல் இல்லை, ஒரு விசில் இல்லை. என் வீட்டுக்காரர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய், “என்னம்மா, என்ன செய்யுது?” என்று ஓடிவந்தாள்.

“ஒண்ணும் இல்லளா. இன்னொரு வாட்டி திட்டு” என்றேன்.

ஆண்டவரே, அந்தத் திட்டுக்கு உமக்கு நன்றி.